துணுக்கின் இரண்டாம் வரி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரி ஆண்டு மலர் கைக்கு வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதலில் படிப்பது முதல்வர் அவர்களின் வாழ்த்துரையையும் அன்று. பேராசிரியப் பெருமக்களின் ஆய்வுரைகளையும் அன்று. (அவர்கள் பொறுத்தருள்வார்களாக!) புகைப்படப் பக்கங்களில் நம் முகம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்த பின், அடுத்தபடியாகக் கண் ஓடுவது துணுக்குகளின் மேல்தான். கட்டுரை முடிந்து பக்கத்தின் அடியில் மிஞ்சிய இடத்தில், கட்டம் கட்டி, 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்போடு அவை காத்துக்கொண்டிருக்கும். தீக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் மனிதனுக்கு உள்ளதுபோல ஏழே எலும்புகள்தாம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள். படிக்கிறோம், வியக்கிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோம், மறந்துபோகிறோம்.

துணுக்குகளோடு எனக்குப் பகை ஏதும் இல்லை. புத்தகம் என்று ஒன்றுகூட இல்லாத வீட்டில் பிறந்த எனக்கு, மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துத் தந்த பத்திரிகைத் தாள்தான் முதல் நூல்நிலையம். அரைக் கட்டுரை இருக்கும், கால் கதை இருக்கும். முழுதாக இருப்பது துணுக்கு ஒன்றுதான். எட்டாம் வகுப்பில் தொடங்கி அவற்றை ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்து வந்திருக்கிறேன். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் குறையெல்லாம் இதுதான்: துணுக்கு முதல் வரியோடு நின்றுவிடுகிறது. 'எப்படி?' என்றும் 'யாரால்?' என்றும் கேட்டால் அதற்கு ஓர் இரண்டாம் வரி கிடைக்கும். அந்த இரண்டாம் வரி பெரும்பாலும் முதல் வரியைவிட வியப்பானதாக இருக்கிறது. நீலகிரியில் பயிலும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. ஏனெனில் சுற்றுலா வருபவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, நம் மலை முழுவதையுமே துணுக்காக்கி வைத்திருக்கிறோம்.

நம் கல்லூரி நிற்கும் குன்றையே எடுத்துக்கொள்வோம். ஸ்டோன்ஹவுஸ் குன்று என்பது இதன் பெயர். கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் துரை 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார்; 1822-இல் உதகையில் முதல் கல் வீட்டைக் கட்டத் தொடங்கினார்; மலைமக்கள் அதனைக் 'கல் பங்களா' என்றனர். இவையெல்லாம் நாம் யாவரும் அறிந்ததே. 'நீலகிரியைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று வினாடி வினாவில் கேட்டால் சல்லிவன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோம். ஆனால் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என்று 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. 1603-இல் பெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்து தோடர்களைச் சந்தித்துச் சென்றிருக்கிறார். எழுநூறு ஆண்டுகளாகப் பெயரோடும் மக்களோடும் இருந்த மலையை 1819-இல் 'கண்டுபிடிப்பது' எங்ஙனம்? சல்லிவனைக் குறைசொல்வது என் நோக்கமன்று. இந்நிலம் தோடர்களுக்கு உரியது என்று தம் அரசாங்கத்தோடு வாதாடியவர் அவர். அந்தச் செய்தி எந்தத் துணுக்கிலும் வருவதில்லை. உருளைக்கிழங்கு கொண்டுவந்தவர் என்பதோடு அவரை நிறுத்திக்கொண்டோம்.

உதகைக்கு வந்த பெரிய மனிதர்களின் பட்டியலில் மெக்காலே பிரபுவின் பெயரும் உண்டு. 1834 ஜூன் மாதம் சென்னையில் கப்பலை விட்டிறங்கிய அவர், உடல்நலம் கருதி உதகையில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் பெண்டிங்கு பிரபுவைக் காண நேரே இங்கு வந்தார். இது முதல் வரி. எப்படி வந்தார்? புகைவண்டியோ மோட்டாரோ இல்லாத காலம் அது. ஏறக்குறைய 400 மைல் தொலைவைப் பல்லக்கில், ஆட்களின் தோள்மேல் அமர்ந்து கடந்தார். எத்தனை தோள்கள் மாறின, அவர்களுக்கு என்ன கூலி, மலை ஏற்றத்தில் அவர்கள் எங்கே நின்று மூச்சு வாங்கினார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1835 பிப்ரவரியில், இந்நாட்டவர்க்கு உயர்கல்வி ஆங்கிலத்தில்தான் தரப்பட வேண்டும் என்று அவர் எழுதிய குறிப்பு உலகறிந்தது. அந்த ஆங்கிலத்தில்தான் இன்று நான் வெப்ப இயக்கவியல் படிக்கிறேன். சில நாள்களில் வகுப்பில் ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மூன்று முறை படிக்க நேரும்போது, மெக்காலேயை விட அவரைத் தூக்கி வந்தவர்களின் நினைவுதான் எனக்கு வருகிறது.

ஸ்னூக்கர் ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இராணுவ அதிகாரியால் தொடங்கப்பட்டது என்பதும், 1880-களில் அதன் விதிகள் ஊட்டி கிளப்பின் சுவரில் எழுதித் தொங்கவிடப்பட்டன என்பதும் பலரும் அறிந்த துணுக்கு. (இவர் பின்னாளைய பிரிட்டிஷ் பிரதமர் அல்லர், பெயர் மட்டுமே ஒன்று.) இதற்கு இரண்டாம் வரி இருக்கலாம்; எனக்கு அதில் அக்கறை இல்லை. 'நீலகிரித் தைலம்' தரும் கற்பூர மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பது கொஞ்சம் சுவையானது. வடநாட்டில் அம்மரத்துக்கே 'நீலகிரி' என்றுதான் பெயராம். வந்தேறி மரம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டு போய்விட்டது! குறிஞ்சி மலரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பூக்கிறது. ஆண்டுதோறும் அதைப் பற்றிக் கட்டுரை பூத்துவிடுகிறது.

நடுவட்டத்துச் சிங்கோனாவின் கதை அத்தகையதன்று. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தந்த சிங்கோனா மரம் தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைக்குச் சொந்தமானது. 1860-களில் அதன் விதைகளைக் கடல் கடத்திக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார்கள். கிளெமெண்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்தார், மக்ஐவர் வளர்த்தார் என்று இரண்டு பெயர்களைச் சொல்லி முடித்துவிடுவார்கள். காட்டை வெட்டிக் குழி தோண்டியவர்களுள் ஒரு சாரார் யார் தெரியுமா? சீனக் கைதிகள்! சிங்கப்பூர், பினாங்கு முதலிய இடங்களிலிருந்து நாடுகடத்தப்பட்டுச் சென்னை மாகாணச் சிறைகளில் இருந்தவர்களை இங்கே கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். விடுதலையான பின் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியமர்ந்து, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அக்குடும்பங்களைக் கண்டு, தலையளவும் மூக்களவும் எடுத்து அச்சேற்றியிருக்கிறார். அளவுகள் கிடைக்கின்றன. அந்த வீடுகளில் பிள்ளைகளை எந்த மொழியில் தாலாட்டினார்கள் என்பதுதான் கிடைக்கவில்லை. நடுவட்டத்தில் அந்தப் பழைய சிறைக் கட்டடத்தை இன்றும் காணலாம்.

இதே சிங்கோனாவுக்கு இன்னொரு கிளைக் கதையும் உண்டு. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகர் 1865-இல் மிகச் சிறந்த சிங்கோனா விதைகளைப் பெற்று டச்சுக்காரர்களுக்கு விற்றார். அவை ஜாவாவில் முளைத்து, பின்னர் உலகத்தின் கொயினாச் சந்தையையே கைப்பற்றின. நம் நீலகிரிச் சிங்கோனா பின்தங்கியது. அந்த மரவகைக்கு லெட்ஜரின் பெயரையே சூட்டினார்கள். ஆனால் காட்டுக்குள் அலைந்து, எது நல்ல மரம் என்று பார்வையாலேயே தேர்ந்து, அந்த விதைகளைச் சேகரித்துத் தந்தவர் மானுவேல் இன்க்ரா மாமானி என்ற பொலிவிய நாட்டுப் பழங்குடி மனிதர். பின்னர் சொந்த நாட்டு அதிகாரிகளால் சிறைப்பட்டு, அடிபட்டு, அதனாலேயே அவர் மாண்டார். மரத்தை அறிந்தவர் அவர். மரம் அறியப்படுவதோ மற்றவர் பெயரால்!

இனி, என் வீட்டு வாசலுக்கு வருகிறேன். 'தேயிலை ஒரு செடியன்று, மரம்' என்பது என் நோட்டில் உள்ள துணுக்குகளில் ஒன்று. கவாத்து வெட்டாமல் விட்டால் அது முப்பதடிக்கு மேலும் வளரக்கூடியது. இடுப்பளவில் அது நிற்பது அதன் இயல்பு அன்று, கத்தியின் செயல். என் தாயார் கொழுந்து எடுப்பவர். அவரிடம் இத்துணுக்கைப் பெருமையோடு சொன்னேன். 'இதை நீ காலேஜில் போய்த்தான் படித்தாயா? கைவிட்ட தோட்டத்தைப் போய்ப் பார், கூரைக்கு மேல் நிற்கிறது' என்றார்.

சிலோன் தேயிலையின் புகழுக்குக் காரணம் ஒரு பூஞ்சக்காளான் என்பது இன்னொரு துணுக்கு. இலங்கை மலைகளில் முதலில் இருந்தது காப்பி. 1869-இல் காப்பி இலையில் துருநோய் கண்டது. இருபதே ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. துரைமார்கள் சிலகாலம் சிங்கோனாவை நட்டுப் பார்த்தார்கள்; அளவுக்கு மீறி விளைந்து விலை சரிந்தது. அதன் பிறகே தேயிலை அங்கு ஓங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு காளான், ஒரு நாட்டின் பயிரையே மாற்றிவிட்டது என்று வியக்கலாம். அந்தக் காப்பியைப் பறிக்கவும், பின்னர் அந்தத் தேயிலையைப் பறிக்கவும் தமிழகத்தின் வறண்ட சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற கூட்டத்தில் என் முன்னோரும் இருந்தார்கள் என்பது இரண்டாம் வரி. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, 1,50,000 பேரைப் பின்னர்ப் பேசிக்கொள்வது என்று மனிதரைக் கணக்கிட்டுப் பங்கிட்டார்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த என் அம்மாயி, 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடு, தாம் கண்ணால் கண்டிராத தாயகத்துக்குத் 'திரும்பினார்'. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார். அத்தகையோரின் மறுவாழ்வுக்கென 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ ஆயிற்று. இங்கு வந்து ஐம்பது ஆண்டுகளான பின்பும் எங்கள் வீட்டைச் 'சிலோன்காரர் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலிய மரம் நீலகிரி ஆகிவிட்டது. நாங்கள் இன்னும் ஆகவில்லை.

வரலாற்றை மட்டுமே பேசுகிறேனே, அறிவியல் மாணவருக்கு இது தகுமா என்று என் துறைப் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். அறிவியலிலும் இதே கதைதான். நம் மாநில விலங்கான வரையாடு சங்கப் பாடல்களில் 'வருடை' என்று குறிக்கப்படுவது என்பர். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இதனை 'ஐபெக்ஸ்' என்றார்கள். விலங்கியலார் இமயமலைத் தாருக்கு உடன்பிறப்பு என்று எண்ணி, இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இமயத் தார் வெள்ளாட்டின் பக்கமும், நம் வரையாடு செம்மறியாட்டின் பக்கமும் நிற்பது தெரிந்தது! உருவம் ஒத்திருப்பதால் உறவும் ஒத்திருக்க வேண்டியதில்லை. வரையாட்டுக்கு 'நீல்கிரிட்ராகஸ்' என்று தனிப் பேரினமே வகுக்க வேண்டியதாயிற்று. நம் மலையின் பெயரைத் தாங்கிய பேரினம், உலகில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை.

என் சொந்தப் பாடத்துக்கு வருகிறேன். முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பேருந்தில் போகும்போதே நம்மில் பலர் பார்த்திருப்போம். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், பயன்பாட்டுக்கு வந்தது 1970. இவ்வளவுதான் துணுக்கு. 'ஏன் இங்கே?' என்று கேட்டால், 'மலை உயரமாக இருப்பதால்' என்பார்கள். உயரத்துக்காக அன்று; சரிவுக்காக!

நண்பர்களே, இதைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். வானில் ஒரு பொருளைத் தொலைநோக்கி தொடர்ந்து பார்க்க வேண்டுமானால், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்துவிட்டால் வேலை எளிது. கீலில் கதவு திரும்புவதுபோல் ஒரே அச்சில் திருப்பினால் போதும். ஆனால் பூமியின் அச்சு ஓரிடத்தின் தரைமட்டத்தோடு எவ்வளவு கோணம் செய்கிறது? அவ்விடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. உதகைக்கு அது 11 பாகையும் சற்று மேலும். ஆகவே, வடக்கு நோக்கி ஏறத்தாழ 11 பாகைச் சரிவில் ஏறுகின்ற, அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மலைச்சரிவு கிடைத்தால், அதன்மேல் தொலைநோக்கியைக் கிடத்தினாலே அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும்! கோவிந்த் சுவரூப்பும் அவருடைய குழுவினரும் தேடியது அத்தகைய சரிவைத்தான். முத்தோரையில் அது இருந்தது. டில்லியில் கட்டுவதென்றால் 28 பாகைச் சரிவு வேண்டும். இலண்டனில் 51 பாகை. அந்தச் செங்குத்தில் வரையாடு வேண்டுமானால் நிற்கும்! 24 எஃகுச் சட்டங்களும், அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகளுமாக, இந்நாட்டிலேயே வடிவமைத்து இந்நாட்டிலேயே செய்த கருவி இது. ஒரு பொருளை ஒன்பதரை மணிநேரம் விடாமல் பின்தொடரும். பிரபஞ்சம் பெருவெடிப்பில் தோன்றியதா, என்றும் ஒரே நிலையில் இருப்பதா என்ற பெரும் வழக்கில், 1970-களில் பெருவெடிப்பின் பக்கம் சாட்சி சொன்ன கருவிகளுள் இதுவும் ஒன்று. பாலாடாவில் கேரட் கழுவுகிற இடத்துக்கு அருகே இத்தனையும் நடந்திருக்கிறது!

உதகையில் டாடா ஆய்வு நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் ஒன்றும் இருக்கிறது. 2014 டிசம்பர் 1-ஆம் நாள் அதன்மேல் ஓர் இடிமேகம் கடந்தது. வானிலிருந்து வந்துவிழும் மியூவான் துகள்களின் எண்ணிக்கை அப்போது சுமார் 2 விழுக்காடு குறைந்தது. மேகத்தின் மின்புலம் அவற்றின் ஆற்றலைப் பறித்துக்கொண்டது. எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் இந்தக் குறைவு ஏற்படும் என்று கணக்கிட்டபோது, 130 கோடி வோல்ட் என்று விடை வந்தது. 2019-இல் இது வெளியாயிற்று. இவ்வளவு பெரிய மின்னழுத்தம் இடிமேகத்தில் இருக்கக்கூடும் என்று சி.டி.ஆர். வில்சன் 1920-களிலேயே சொல்லியிருந்தார். அதை அளந்து காட்டிய மேகம் நம் தலைக்கு மேல் போன மேகம். அன்று நாங்கள் லயத்தில் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்திருப்போம். விளக்கு அணைந்ததற்கு மின்வாரியத்தைத் திட்டியும் இருப்போம்.

இவ்வளவும் சொன்ன பின், 'துணுக்கு இளைப்பாறுவதற்கு. அதிலும் ஆராய்ச்சி வேண்டுமா?' என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். மற்றொருவர் கேட்டது இன்னும் நியாயமானது: 'தேர்வாணையத் தேர்வில் ஒரு வரிதானே கேட்கிறார்கள்? இரண்டாம் வரிக்கு மதிப்பெண் உண்டா?' இல்லைதான். அரசு வேலை ஒன்றையே நம்பி நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் வீடுகள் பல. என் வீடும் அவற்றுள் ஒன்று. ஆகவே 'சல்லிவன் - 1819' என்று நானும் உருப்போடுகிறேன், உருப்போடத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எங்கள் வீட்டாரில் எவரும் இல்லை. உங்கள் வீட்டாரும் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். பட்டம் பெறும் முதல் தலைமுறையாகிய நாமும் அதை எழுதிச் சேர்க்காவிட்டால், வேறு யார் வந்து எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தோடர் பெண்களின் பூத்தையலை நினைத்துப் பாருங்கள். மாதிரி ஏதும் வரையாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். நாம் 'பின்பக்கம்' என்று ஒதுக்குகிற முரட்டுப் பக்கம்தான் அவர்களுக்கு முகப்பு.

மலர்க் குழுவினருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடங்களைத் தீக்கோழிக்குத் தராமல் மாணவர்களுக்குத் தாருங்கள். ஹட்டியிலிருந்தும் மந்திலிருந்தும் கோக்காலிலிருந்தும் லயத்திலிருந்தும் வருகிற நாம் ஒவ்வொருவரும் நம் ஊரைப் பற்றி ஒரு செய்தியை இரண்டு வரியில் எழுதுவோம். யாரிடம் கேட்டது, ஏறத்தாழ எந்த ஆண்டு நடந்தது என்பதை மட்டும் கட்டாயம் குறிக்க வேண்டும். 'பெரியோர் கூறுவர்' என்று எழுதினால் தள்ளிவிடுங்கள். பேராசிரியப் பெருமக்கள் சரிபார்த்துத் தந்தால் போதும். ஒரு துறைக்குப் பத்து என்றாலும் ஒரு மலருக்கு நூறு தேறும்.

என் பங்குக்கு நான் தொடங்கிவிட்டேன். அம்மாயியோடு கப்பலில் வந்த சாமான்களில், காலஞ்சென்ற என் தாத்தாவின் கவாத்துக் கத்தி ஒன்று. பதுளையில் வாங்கியது, தேய்ந்து பாதியாகிவிட்டது. இங்கு வந்த பின் அது எத்தனை தோட்டங்களில் வேலை செய்தது என்று அம்மாயியிடம் கேட்டேன். 'எண்ணியா வைத்தோம்?' என்றார். இரவு சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்து இருவருமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். இதுவரை நான்கு தோட்டங்கள் வந்திருக்கின்றன.